கழுவிக்கொண்டு வந்த கால்கள்

மிளகுக் கொடியை அடியில் வெட்டினால் அது உடனே சாகாது. சில்வர் ஓக் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி, பனியைக் குடித்துக்கொண்டு, இரண்டு மூன்று நாள் ஒன்றுமே நடக்காதது போலப் பச்சையாக நிற்கும். அப்புறம்தான் இலை லேசாகத் தொங்கும். இலை தொங்குவது நம் கண்ணில் படுவதற்குள் வெட்டியவர் மூன்று முறை தூங்கி எழுந்து, குளித்து, தலைவாரி, நம்மிடம் நலம் விசாரித்துவிட்டும் போயிருப்பார்.

இந்த விவரம் எனக்குப் போன குருத்து ஞாயிறு வரை, அதாவது ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு வரை, தெரியாது. கொல்லிமலையில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். வீட்டைச் சுற்றி அறுபது கொடி வைத்திருக்கிறேன். கீழே கூட்டங்களுக்குப் போனால் ஆசிரியர், எழுத்தாளர் என்பதோடு விவசாயி என்றும் சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் கொடி எப்படிச் சாகும் என்பதைப் பக்கத்துத் தோட்டத்தில் இருபத்திரண்டு கொடி செத்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் கோயில் சின்னது. வளப்பூர் நாட்டில் (இங்கே ஊர்த் தொகுதிக்கு நாடு என்று பெயர்) பஸ் நின்று திரும்பும் இடத்துக்கு மேலே ஓடு வேய்ந்த ஒரு கூடம். ஃபாதர் அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வருவார். வந்ததும் வாசல் கல்லில் உட்கார்ந்து பத்து நிமிஷம் தலையைப் பிடித்துக்கொள்வார். வாந்தி எடுக்காமல் வந்து சேர்ந்த ஞாயிறுகளில் பிரசங்கம் நீளமாக இருக்கும். அவருடைய உடல்நலத்துக்காக நாங்கள் எவ்வளவு உருக்கமாக வேண்டிக்கொள்வது என்பதில் சிறு தயக்கம் எப்போதும் உண்டு.

பெரிய வியாழன் மாலைப் பூசையில் பன்னிரண்டு ஆண்களை வரிசையாக உட்காரவைத்து, ஃபாதர் மண்டியிட்டு ஒவ்வொருவர் காலையும் கழுவித் துடைத்து முத்தமிடுவார். ஆண்டவர் தம் சீடர்களுக்குச் செய்ததன் நினைவாக எல்லா ஊரிலும் நடப்பதுதான். எங்கள் ஊரில் கூடுதலாக இரண்டு வழக்கம். முதலாவது, நாற்காலி பரம்பரைச் சொத்து. தகப்பன் போனால் மகன் உட்கார வேண்டும். மூன்றாம் நாற்காலி எனக்கு மனைவி வழியில் வந்தது. மாமனார் வீட்டிலிருந்து வந்ததில் இன்னும் உடையாமல் இருப்பது அது ஒன்றுதான். இரண்டாவது, காலைக் கழுவிக்கொண்டுதான் வர வேண்டும். அன்று மத்தியானம் பன்னிரண்டு வீட்டிலும் வெந்நீர் கொதிக்கும். பீர்க்கங்கூட்டால் தேய்த்து, குதிகாலைக் கருங்கல்லில் உரசி, நகம் வெட்டி, தேங்காயெண்ணெய் தடவி, மண்ணில் படாமல் வண்டியில் வந்து இறங்குவோம். பூசை முடிந்தபின் ஃபாதரின் துண்டு தும்பைப்பூ மாதிரி இருக்கும். கிண்ணத்துத் தண்ணீரில் அரிசி களையலாம். ஒருவர் நகம் வெட்டாமல் வந்த வருஷத்தை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

போன வருஷக் கடைசியில் பன்னிரண்டாம் நாற்காலிக்காரர் இறந்தார். பிள்ளை இல்லை. படுக்கையில் கிடந்த ஏழு மாதமும் அவருடைய முதுகுப் புண்ணைத் துடைத்துக் கட்டியவர் எங்கள் ஊர் நர்ஸ். கடைசி வாரத்தில் அந்த நோயாளி ஃபாதரைக் கூப்பிட்டனுப்பி, "என்ற சேரு அந்த நர்சுக் கண்ணுக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

நர்ஸ் என்று நான் சொல்வது ஓர் ஆண். நாற்பத்தைந்து வயது. மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிச் சந்தையில் கடை போட்ட குடும்பத்தில் பிறந்து, நர்சிங் படித்து, இருபது வருஷத்துக்கு முன்னால் இங்கே ஒரு சிறு மருந்தகத்தில் வேலைக்கு ஏறி வந்தவர். ஆறு மாதத்தில் இறங்கிவிடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் இறங்காததற்குக் காரணம் மிளகுக்காரர். மிளகுக்காரர் இந்த மலையிலேயே பிறந்தவர், எங்கள் மதம் இல்லை. கோயிலுக்குள் வரமாட்டார். ஆனால் திருவிழாப் பந்தலுக்கு மூங்கில் வெட்டிக் கொண்டுவந்து முதல் ஆளாகக் குழி தோண்டுவார். நர்ஸ் பூசை முடிந்து வரும் வரை மதில்மேல் உட்கார்ந்திருப்பார். இருவரும் ஒரே வீட்டில் இருபது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறார்கள். தன்பாலீர்ப்பாளர் என்று பத்திரிகைத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது. எங்கள் மலையில் அதற்கு ஒரு சொல்லும் இல்லை. "அந்த ஊட்டு ரெண்டு பேரு" என்போம். எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. அந்தச் சொல்லாமையின் ஓரத்தில் அவர்கள் இருவரும் ஒரு பலா, நூறு கொடி, ஓர் அடுப்பு என்று வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

அதைச் சொன்னவன் நான்.

தை மாதத் திருவிழா மலருக்கு ஆண்டுதோறும் என்னிடம் ஒரு நகைச்சுவைக் கட்டுரை கேட்பார்கள். இந்த வருஷம் விஷயம் கிடைக்கவில்லை. ஒரு வீட்டில் இரண்டு ஆண்கள் குழம்பில் உப்புக்காகச் சண்டை போட்டுக்கொள்வதை எழுதினேன். ஒருவர் கோபித்துக்கொண்டு முற்றத்தில் உட்காருவதும், மற்றவர் தட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்ச் சமாதானப்படுத்துவதும், "என் மனைவிகூட என்னை இப்படிக் கெஞ்சியதில்லை" என்று முடிவதுமாக மூன்று பக்கம். பெயர் போடவில்லை. பெயர் போடாவிட்டால் யாருக்கும் தெரியாது என்பது எழுதுகிறவர்களின் மூடநம்பிக்கைகளில் முதலாவது. ஊரே சிரித்தது. நர்ஸே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாசி மாதத்தில் யாரோ அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து, கீழே நான்கு வரி தாமே சேர்த்து, கோயில் வாட்ஸப் குழுவில் போட்டார்கள். அந்த நான்கு வரியில் நகைச்சுவை இல்லை.

அதற்குப் பின் நடந்தவற்றில் பெரிதாகச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. டீக்கடையில் நர்ஸ் நுழைந்தால் பேச்சு நிற்கும், கண்ணாடி டம்ளர் தனியாகக் கழுவப்படும். ஊசி போட்டுக்கொள்ள அவரிடம் வந்தவர்கள் பஸ் பிடித்துக் கீழே போனார்கள். ஒருநாள் அவர் வீட்டுக் கதவில் மலரின் அந்தப் பக்கம் ஆணியடித்திருந்தது. அச்சில் என் பெயர் நன்றாகத் தெரிந்தது.

குருத்து ஞாயிறுக்கு முந்தைய புதன்கிழமை சாயங்காலம் கோயில் கமிட்டி கூடியது. ஃபாதர், நான், இன்னும் ஏழு பேர். கமிட்டியின் துணைத்தலைவர் லாரி வைத்திருப்பவர். முதல் நாற்காலி அவருடையது. நல்ல மனிதர், என் வீட்டுக்குச் செங்கல் ஏற்றி வந்தபோது ஒரு கல் உடையாமல் இறக்கியவர். நாலு வருஷத்துக்கு முன் அவருடைய குதிகாலில் அரிவாள் பாய்ந்தபோது மடியில் வைத்துத் தைத்தவர் நர்ஸ்.

"ஃபாதர், அவன் சேர்ல உக்காந்தா நாங்க உக்கார மாட்டோமுங்க" என்றார் லாரிக்காரர்.

"ஏன்?"

"ஏனுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? சார்தான் எழுதியிருக்காருங்களே. சார் எழுத்து பொய்யாவா இருக்கும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அது நகைச்சுவைக்காக..." என்று ஆரம்பித்தேன்.

"ஆமாங்க, சிரிச்சமுங்க. நல்லாவே சிரிச்சம். இப்பச் சிரிச்சு முடிஞ்சுதுங்க."

ஃபாதர் கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்தார். அதில் தூசி இல்லை. "பன்னிரண்டு பேர் காலை ஆண்டவர் கழுவினார். அதுல ஒண்ணு, அவரைக் காட்டிக்கொடுக்கக் கிளம்பின கால். தெரிஞ்சேதான் கழுவினார். நான் யாருங்க, காலைப் பார்த்துப் பொறுக்கி எடுக்க?"

"அப்ப அவன் காட்டிக்குடுக்கறவன்னு நீங்களே ஒத்துக்கறீங்க."

"நான் அவரைச் சொல்லலை."

யாரைச் சொன்னார் என்று அவர் விளக்கவில்லை. நான் மின்விசிறியைப் பார்த்தேன். எங்கள் குளிருக்கு மின்விசிறி தேவையே இல்லை. யாரோ நன்கொடையாகக் கொடுத்தது. இந்த மாதிரி சமயங்களில் பார்ப்பதற்கு உதவுகிறது.

"கீழே பிஷப்பு வரைக்கும் மனு போட்டுட்டாங்க ஃபாதர்" என்றார் இன்னொருவர், ஏதோ மழை வரும் என்பது போல.

"தெரியும். போன் வந்துச்சு" என்றார் ஃபாதர். "வியாழக்கிழமை பன்னிரண்டு நாற்காலி போடுவேன். உக்கார்றவங்க உக்காரலாம்."

அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். எழுபது வளைவினால் என்று சொல்ல முடியாது. அவர் வந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

நர்சுக்காக அந்தக் கூட்டத்தில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்தபின் நிறையப் பேசினேன். மனைவி கேட்டுவிட்டு, "இதையெல்லாம் அங்க பேசியிருக்கலாமுல்ல, இங்க எனக்கு எதுக்கு?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை குருத்தோலையைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பும்போது மிளகுக்காரர் தம் தோட்டத்து வேலியோரம் நின்றிருந்தார். இருபத்திரண்டு மரத்தில் இலை தொங்கியிருந்தது. அவர் குனிந்து ஒரு மரத்தடியில் சருகை விலக்கிக் காட்டினார். விரல் பருமனுள்ள தண்டு ஒரே வீச்சில் அறுபட்டிருந்தது. வெட்டியபின் சருகை மறுபடி அழகாகப் போர்த்தியிருந்தார்கள்.

"புதன்கிழமை வெட்டுனதுங்க சார்" என்றார். "ராத்திரி. வெட்டு காஞ்சிருக்கறதப் பாத்தாத் தெரியுமுங்க."

புதன்கிழமை கூட்டம் முடிந்து வெளியே வந்தது ஒன்பது பேர். ஃபாதரையும் என்னையும் கழித்தால் ஏழு. அந்த ஏழு பேரும் சற்றுமுன் கோயிலில் குருத்தோலையோடு என்னுடன் ஓசன்னா பாடியவர்கள்.

"போலீசுக்குப் போகலாம்" என்றேன்.

"போயி?" என்றார். "ரெண்டு பேருக்கும் என்ன ஒறவுன்னு மொதல்ல கேப்பாங்க. கேட்டு முடிச்சாத்தானுங்க கொடிக்கு வருவாங்க."

எனக்குச் சர்க்கரை. வலது பாதத்தில் ஆறாத புண் ஒன்று மூன்று மாதமாக இருக்கிறது. தினமும் காலை ஏழு மணிக்கு நர்ஸ் வந்து கட்டு மாற்றிவிட்டுப் போவார். செவ்வாய்க்கிழமையும் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து என் காலை மடியில் வைத்துக்கொண்டார். மருந்தகத்துக்கு முந்தின நாள் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டேன்.

"மூணு பேருங்க. மூணும் அருவி பாக்க வந்த வெளியூருங்க."

நான் அறிவுரையை ஆரம்பித்தேன். "இந்த ஒரு வருஷம் அந்த நாற்காலியை விட்டுடலாமே. கொஞ்சம் ஆறட்டும். அடுத்த வருஷம்..."

அவர் பஞ்சைச் சுற்றிக்கொண்டே, "சார், இருவது வருஷமா இந்த மலையில எல்லாரு காலையும் என்ற மடியிலதானுங்க வெச்சிருக்கறேன்" என்றார். "ஒருக்கா, ஒரே ஒருக்கா, என்ற காலை ஒருத்தரு கையில எடுக்கறதப் பாக்கோணும்னு இருக்குதுங்க. அதும் கோயில்ல. அவரு செத்தும் குடுத்துட்டுப் போயிருக்காரு. வேண்டாமுன்னு நானே எப்படிச் சொல்றதுங்க?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் மலரைப் பற்றி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று, "அந்தக் கட்டுரை..." என்றேன்.

"அதுல ஒண்ணு தப்புங்க சார்."

"என்ன?"

"உப்புக் கம்மியாப் போடறது நானில்லீங்க. அவன். எனக்கு பி.பி. இருக்குதுன்னு." கட்டை ஒட்டிவிட்டு எழுந்தார். "தண்ணி படாமப் பாத்துக்கங்க. வாரேனுங்க."

தண்ணீர் படக்கூடாது. அந்த வாக்கியத்தை இரண்டு நாள் மனதுக்குள் வைத்துப் பொத்திக் காத்தேன். வியாழக்கிழமை மத்தியானம் மனைவி வெந்நீர் போட்டபோது அதை வெளியே எடுத்தேன். "புண்ணு இருக்கு. தண்ணி படக்கூடாதுன்னு அவரே சொல்லியிருக்கார். நான் வீட்டிலேயே இருந்து ஜெபம் பண்ணிக்கறேன்."

அவள் என் கால்களை மாறிமாறிப் பார்த்தாள். "புண்ணு வலது கால்ல. எடது காலு எதுக்குங்க இருக்குது?"

இடது காலைப் பீர்க்கங்கூட்டால் தேய்த்துக் கொடுத்தாள். வழக்கத்தை விட அழுத்தித் தேய்த்தாள்.

அன்று நான்கு மணிக்கே மலை பனியில் மூடிக்கொண்டது. கோயில் வாசலில் நிற்கிற சிலுவை தெரியவில்லை. ஜீப்புகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வந்து நின்றன. கதவு சாத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. வணக்கம் சொல்கிற சத்தம் இல்லை. கூடத்தில் பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமாக அங்கே குழந்தைகள் ஓடும், அன்று ஒவ்வொரு குழந்தையின் கையையும் ஒரு தாய் பிடித்திருந்தாள். பன்னிரண்டு நாற்காலி போட்டிருந்தது. பதினோரு பேரும் எண்ணெய் தடவிய கால்களோடு உட்கார்ந்தோம். பன்னிரண்டாவது காலியாக இருந்தது. அது காலியாகவே இருந்துவிடட்டும் என்று, ஃபாதர் பீடத்தில் நிற்கும்போது, நான் கடவுளை உண்மையாகவே வேண்டிக்கொண்டேன்.

நர்ஸ் தாமதமாக வந்தார். குண்டனி நாட்டில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்று நடந்து போய்த் திரும்பியிருக்கிறார். முழங்கால் வரை செம்மண். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, நேராக வந்து பன்னிரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார்.

லாரிக்காரர் எழுந்தார். கோபமில்லை, சத்தமில்லை. பஸ் வந்துவிட்டது என்பது போல எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு நடந்தார். இரண்டாம் நாற்காலி எழுந்தது. என் முறை. நான் எழவில்லை. இதை யாரும் வீரம் என்று நினைத்துவிட வேண்டாம். கட்டுப் போட்ட கால் மரத்துப்போயிருந்தது. ஊன்றி எழ ஒரு நிமிஷம் ஆகும். அந்த நிமிஷத்துக்குள் நான்காவது, ஐந்தாவது, ஆறாவது எல்லாம் போய்விட்டன. எல்லோரோடும் சேர்ந்து எழுந்து போக முடியும். தனியாக எழுந்து போவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும், அது என்னிடம் இல்லை. கடைசியில் மூன்று பேர் இருந்தோம். நான், நர்ஸ், ஏழாம் நாற்காலிப் பெரியவர். அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது, கண்ணும் மட்டம். எல்லோரும் எங்கே போகிறார்கள் என்று கேட்காமல் காலை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஃபாதர் மண்டியிட்டார். என் இடது காலைக் கழுவினார். தண்ணீர் வந்தது போலவே போயிற்று. பெரியவர் காலைக் கழுவினார். நடுவில் இருந்த காலி நாற்காலிகளின் முன்னாலும், எழுந்து நடக்காமல், முழங்காலிட்டபடியே நகர்ந்து பன்னிரண்டாவதுக்குப் போனார். என் நாற்காலியிலிருந்து அது ஒன்பது நாற்காலித் தூரம்; அந்தக் கூடம் எவ்வளவு நீளம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நர்சின் காலை அவர் இரண்டு கையாலும் எடுத்துக் கிண்ணத்தின் மேல் வைத்துத் தண்ணீர் ஊற்றினார். மண் போகவில்லை. விரலால் தேய்த்தார். மறுபடி ஊற்றினார். விரல் இடுக்குகளில் விரலை விட்டுத் தேய்த்தார். கிண்ணத்துத் தண்ணீர் சிவந்துவிட்டது. துண்டு சிவந்துவிட்டது. எங்கள் கோயிலில் அந்தக் கிண்ணத்தில் அழுக்குத் தண்ணீரை நான் பார்த்தது அதுதான் முதல் முறை. பதினெட்டு வருஷமாக நாங்கள் அந்த மனிதருக்குக் கழுவ எதையுமே கொடுக்காமல் இருந்திருக்கிறோம்.

நர்ஸ் கண்ணை மூடவில்லை. பார்க்க வேண்டும் என்று சொன்னவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபாதர் குனிந்து அந்தக் காலை முத்தமிட்டபோது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு விசும்பல் வந்தது. உடனே யாரோ அடக்கினார்கள்.

வெளியே வந்தபோது யாரும் போயிருக்கவில்லை. ஒன்பது பேரும் அவர்கள் வீட்டு ஆண்களும் பனிக்குள் இரண்டு பக்கமும் நின்றிருந்தார்கள். மதில்மேலிருந்து மிளகுக்காரர் இறங்கி வந்து நர்சின் பக்கத்தில் நின்றார். இருவரும் நடந்தார்கள். யாரும் தொடவில்லை. வழி மட்டும் விட்டார்கள். டார்ச் வெளிச்சம் ஒன்று அவர்கள் முதுகிலேயே வளைவு வரை போயிற்று.

நான் வண்டியைத் தேடினேன். லாரிக்காரர் அருகில் வந்து, எப்போதும்போல மரியாதையாக, என் தோளில் ஒட்டியிருந்த ஏதோ பூச்சியைத் தட்டிவிட்டார்.

"சாருக்கு எத்தனை கொடிங்க இருக்குது?"

"அறுபது" என்றேன், வகுப்பில் கேட்டதுபோல.

"நல்ல காய்ப்புங்களா?"

"பரவாயில்லை."

"பாத்துக்கங்க சாமி" என்றார்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது அறுபது கொடியும் பச்சையாக நின்றன. ஒவ்வொரு இலையிலும் பனி. நான் வாசலில் நின்று பார்த்தேன். படியிறங்கிப் போய் ஒரே ஒரு மரத்தடியில் சருகை விலக்கினால் தெரிந்துவிடும். மனைவி உள்ளிருந்து, "போயி அடியப் பாத்துட்டு வாங்களே" என்றாள். "பனி காயட்டும்" என்றேன். எப்படியும் ஞாயிற்றுக்கிழமை தானே தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழு மணிக்கு நர்ஸ் வந்தார். பெரிய வெள்ளியன்றும் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கூட மிளகுக்காரரும் வந்தார். அவர் வீட்டுக்குள் வராமல், என்னைக் கேட்காமல், நேராகத் தோட்டத்துக்குள் இறங்கினார். நர்ஸ் என் வலது காலை மடியில் வைத்துப் பழைய கட்டைப் பிரித்தார். "தண்ணி படலீங்களே?" என்றார். "இல்லை" என்றேன். என் கண் தோட்டத்தில் இருந்தது.

மிளகுக்காரர் முதல் மரத்தடியில் குனிந்தார். சருகை விலக்கினார். நிமிர்ந்தார். இரண்டாவது. குனிந்தார், நிமிர்ந்தார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து. பதினொன்று. வரிசை திரும்பி அடுத்த வரிசை. பதினாறு.

பதினேழாவது மரத்தடியில் குனிந்தவர் நிமிரவில்லை.

"காலை ஆட்டாதீங்க சார்" என்றார் நர்ஸ், புண்ணிலிருந்து தலையைத் தூக்காமல். "இன்னும் முடியலீங்க."